சின்னு கதையில் காணாமல் போன எட்டுப் பக்கங்கள்

புத்தகங்களை எப்படி அடுக்குவது, கரையான் வராமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். நூலக வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெறும்வரை எத்தனையோ தவறுகள் செய்திருக்கிறேன். ஆனால் மிகப் பெரியதை மூன்றாவது வருஷத்திலேயே செய்து முடித்துவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். ராசிபுரத்தில் ஒரு வாசகசாலை. மூன்று அலமாரி, ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு. நான்தான் திறப்பவன், பூட்டுபவன், பெருக்குபவன், பதிவேடு எழுதுபவன். எனக்கு இருபத்தைந்து வயது. மேலே ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி. அதில் மூத்தவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள். நானும் அவரிடம் படித்தவன்தான். அலமாரியில் இருந்த புத்தகங்களில் பாதி அவர் வீட்டிலிருந்து வந்தவை.

அந்த வாசகசாலையில் ஒரு நாவல் இருந்தது. நம் ஊரைப் போன்ற ஒரு சின்ன ஊரில் ஒரு நெசவாளியின் மகன் ஏழு வயதிலிருந்து பதினேழு வயதுவரை வளர்கிற கதை. பையன் பெயர் சின்னு. அட்டை கிழிந்து இரண்டு தடவை பைண்டு செய்ததில் நாவலின் பெயரே மறைந்துவிட்டது. ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "சின்னு கதை இருக்குங்களா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு எப்போதும் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம் பிடிக்கும். சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவருக்கு, சின்னு வீட்டைவிட்டு ஓடிப்போகிற கட்டம். அந்தக் கதையிலும் ஒரு கண்டக்டர் வருவார். பையன் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொள்வார். ஒரு கேள்வி கேட்காமல் சேலம்வரை கூட்டிப்போய், இட்லி வாங்கிக் கொடுத்து, சாயங்கால வண்டியில் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நம் கண்டக்டர் அந்தக் கட்டத்தைத் தன் சொந்த அனுபவம் மாதிரியே சொல்லுவார். டூரிங் கொட்டகையின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போக, ஊரே வெட்டவெளியில் உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்க்கிற கட்டம் சந்தைக்கடைக்காரர்களுக்கு. சின்னு சோறு வடிக்கப் போய் அடிப்பிடிக்க விட்டுவிட, கருகினதையெல்லாம் அக்கா தன் தட்டில் போட்டுக்கொள்கிற கட்டம் பெண்களுக்கு.

ஆனால் எல்லோருக்கும் பொதுவாகப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. சின்னு பள்ளிக்கூடத்து உலக உருண்டையை உடைத்துவிடுவான். அப்பாவைக் கூட்டிவா என்பார் தலைமையாசிரியர். பையன் இரண்டு நாள் மறைப்பான். அப்பாவுக்குத் தெரிந்து அடிப்பார். மறுநாள் தறியை நிறுத்திவிட்டு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு மகனோடு பள்ளிக்கூடம் போவார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டே அவரை வெயிலில், வாசல் கல்லில் வெகுநேரம் நிற்க வைப்பார். அப்பா கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை மகன் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் கூப்பிட்டதும் அவர் கெஞ்சமாட்டார். "உருண்டைய ஒடச்சது தப்புங்க. அதுக்கு நேத்து நான் அவன அடிச்சது அதவிடத் தப்புங்க. அடிச்சப்ப அவன் அழுவல. அதத்தான் என்னால பொறுக்க முடியல" என்பார். திரும்பி வரும்போது இருவரும் பேசமாட்டார்கள். வழியில் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் தலையில் போடுவார். கட்டம் முடிந்துவிடும். எட்டே பக்கம்.

ஒருநாள் மதியம் செல்லம்மாள் என்ற பெண் வாசகசாலைக்குள் வந்தார். நெசவுக் குடும்பம், முப்பது வயதிருக்கும். தெருவில் பெண்கள் கூடி உட்கார்ந்து தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும்போது அவர்தான் கதை படித்துக் காட்டுவார். அதுவரை பெண்கள் யாரும் எங்கள் படியேறி உள்ளே வந்ததில்லை. யாரையாவது அனுப்பித்தான் புத்தகம் வாங்குவார்கள். அன்று அவரே வந்து சின்னு கதையை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார்.

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துக் கட்டத்தையே காணமுங்க. மூணாவது தரம் கேக்கோணும்னு அத்தன பேரும் காத்துக்கிட்டிருக்கறாங்க. நான் என்னத்தப் படிக்கிறது?"

நான்கு தாள். கிழிக்கவில்லை. கூரான கத்தியால், அளவு வைத்து அறுத்த மாதிரி எடுத்திருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். கண்டக்டர் திருப்பித் தந்தபோது நானே பக்கம் பக்கமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அதற்குப்பின் இரண்டு பேர்தான். முதலில் பெரிய வாத்தியார். அடுத்து அர்த்தநாரி என்ற நெசவாளி. அதற்கடுத்து செல்லம்மாள். அர்த்தநாரி பெயருக்கு நேரே கைநாட்டு இருந்தது. படிக்கத் தெரியாதவர், வீட்டில் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார், அவருக்கு எதற்கு இந்தப் பக்கம் என்று ஒரு நொடியில் அவரைத் தள்ளிவிட்டேன்.

மிச்சம் பெரிய வாத்தியார். இரண்டு மாதத்துக்கு முன் கமிட்டிக் கூட்டத்தில் அவர், "அந்தப் பள்ளிக்கூடக் கட்டம் வாத்தியார்களை இழிவு பண்ணுது, அதை எடுத்துட்டுக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டிருந்தார். பென்சில் சீவுகிற சின்னக் கத்தி ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். இவ்வளவும் சேர்ந்தபின் எனக்கு வேறு யோசனையே தோன்றவில்லை.

அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், ஐந்து உறுப்பினர்களும் பத்துப் பன்னிரண்டு வாசகர்களும் இருக்கும்போது எழுந்து, புத்தகத்தை விரித்துக் காட்டினேன். "இந்தக் கட்டம் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான். கத்தி வைத்திருப்பவரும் அவர்தான்" என்றேன். நியாயத்துக்காகப் பேசுகிறோம் என்ற நினைப்பில் குரல் ஓங்கியே வந்தது.

பெரிய வாத்தியார் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். கோபம் தெரியவில்லை. "புஸ்தகத்தை அறுத்தவன்னு என்னைச் சொன்ன இடத்துல இனி எனக்கு வேலை இல்லை" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தி அங்கேயே கிடந்தது.

மற்ற நால்வரும் என்மேல் பாய்ந்தார்கள். அடுத்த கூட்டம் பதினைந்து நாளில். அதற்குள் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்றுதான் அப்போதும் சொன்னேன்.

மறுநாள் காலையில் செல்லம்மாள் மறுபடி வந்தார். கூட்டத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. யார் அறுத்தார்கள் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். புத்தகம் வாங்கிய கணக்கில் பெயரும் விலாசமும் பார்த்து, நாவலை வெளியிட்ட பதிப்பாளருக்கு அன்றைக்கே எழுதினேன். பிரதி ஒன்றுகூட இல்லை, காகிதத் தட்டுப்பாட்டில் மறுபதிப்பும் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

நிரூபிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், பக்கம் இல்லாத புத்தகத்தை அலமாரியில் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்தக் கட்டத்தை இத்தனை பேர் இத்தனை தடவை படித்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே எழுதி வாங்கிவிடுவது என்று நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன். உருண்டை உடைகிற இடத்தைச் செல்லம்மாளும் மற்றப் பெண்களும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். அப்பா அடிக்கிற இடத்தைப் பஸ் புறப்படுவதற்குள் கண்டக்டர் சொல்லி முடித்தார். பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் எல்லோரும் தடுமாறினார்கள். என்ன நடந்தது என்று தெரியும், வாக்கியம் வரவில்லை.

ஐந்தாவது நாள் அர்த்தநாரி வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில் யாரோ படித்துக் காட்டியிருப்பார்கள், அவர்களைக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நூல் கிடைக்காத காலம் அது. அவருடைய இரண்டு தறியும் நின்றுபோயிருந்தன. நிற்கிற தறியின் குழிக்குள் கால் வைத்து, சும்மா உட்கார்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். வீட்டில் யார் படித்தார்கள் என்று கேட்டேன். "எதுவரைக்கும் எழுதியிருக்கறீங்க, சாமி?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். விட்ட இடத்திலிருந்து அவர் சொல்ல ஆரம்பித்தார்.

புத்தகத்து வாக்கியங்கள் அப்படியே வந்தன. இங்கே ஒரு புள்ளி, இங்கே பத்தி மாறும் என்பதுகூட அவர் நிறுத்துகிற விதத்தில் தெரிந்தது. துண்டை மகன் தலையில் போடுகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அதையும் சொல்லி முடித்தார். ஒருதடவை இரண்டுதடவை கேட்டவர்களுக்கு இப்படி வராது.

"யார் படித்துக் கேட்டீர்கள்?" என்றேன்.

"கேக்கலீங்க. நாந்தான் படிச்சேன்."

அப்புறம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு ஒரே மகன், குழந்தைவேலு. தறி நின்றதும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றான். சந்தையில் நாலு பேர் முன்னால் வைத்து அவனை இவர் அறைந்துவிட்டார். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாம் அம்மாவுக்கு. ஊரைக் கேட்டிருப்பான், தறியைக் கேட்டிருப்பான், மாட்டைக்கூடக் கேட்டிருப்பான். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. படித்துக் காட்டுகிறவர்கள் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்களோ என்று இவருக்குச் சந்தேகம். தானே பார்த்துவிட வேண்டும் என்று அந்த வயதில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு படித்துப் பார்த்தார். அப்போதும் அந்தச் சொல் இல்லை.

"படிக்க வந்துருச்சுங்க. எழுத வர்லீங்க. ஆரையாச்சும் வெச்சு எழுதலாம்னா, இன்னொருத்தங்கிட்ட அதச் சொல்றதுக்கு வாய் வர்லீங்க. இந்தக் கதையில அந்த அப்பங்காரன் நான் சொல்ல நெனச்சதப் பூராவும் சொல்லிப்போட்டான். அதான் அறுத்து அவனுக்கு அனுப்பிச்சுட்டனுங்க. தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

நெசவாளியின் கை. அளவு தப்பாமல் அறுத்ததில் ஆச்சரியம் என்ன?

பெரிய வாத்தியார் விஷயத்தைச் சொன்னேன். அர்த்தநாரிக்கு அது தெரிந்திருக்கவில்லை. மகன் போனதிலிருந்தே அவர் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதில்லை. உடனே எழுந்து துண்டை எடுத்தார். "வாங்க சாமி, இப்பவே போயி நாஞ்செஞ்சதுன்னு சொல்லிப்போடலாம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினால் என் வேலை தப்பும். ஆனால் ஏன் அறுத்தாய் என்று கமிட்டி கேட்கும். சந்தையில் அடித்ததும், கடிதத்தில் பெயர் இல்லாததும், ஒரு தகப்பன் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் தவித்ததும் மறுநாள் டீக்கடைப் பேச்சாகிவிடும். ஒரு புத்தகத்தைப் படித்தவர் அதை எதற்காகப் படித்தார் என்பது அவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அதைக் காக்கத்தான் நாம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அது அன்றைக்கு அந்தத் தறிக்குழி ஓரத்தில் நின்றபோதுதான் உறைத்தது. வரவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வந்தால் புத்தகம் தரமாட்டேன் என்று சொல்லித்தான் நிறுத்தினேன்.

அடுத்த கூட்டத்துக்கு, போன தடவை இருந்த அத்தனை வாசகர்களையும் தேடிப்போய் வரச்சொல்லியிருந்தேன். பெரிய வாத்தியார் மட்டும் வரவில்லை. எழுந்து நின்றேன். பக்கத்தை அறுத்தவர் பெரிய வாத்தியார் இல்லை, யார் என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொல்லமாட்டேன், நான் சொன்னது பொய்ப்பழி, அதை இதே இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஓர் உறுப்பினர், பெயரைச் சொன்னால் வேலை இருக்கும் என்றார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர்கள் வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில், அவமானப்பட்டவர் பெரிய வாத்தியார், என்ன செய்வதென்று அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவருடைய கத்தியையும், எழுதி முடித்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கையில் என்ன என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். பள்ளிக்கூட வாசல் வந்ததும் விரலை வைத்தார்.

"இங்க ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. 'கல்லில் நின்றார்'னு எழுதியிருக்க. 'வெறுங்காலோடு கல்லில் நின்றார்'னு இருக்கும்."

செல்லம்மாள், கண்டக்டர், அர்த்தநாரி, நான் யாருக்குமே அந்த வார்த்தை ஞாபகத்தில் நிற்கவில்லை. எங்கள் தெருக்களில் எல்லோரும் வெறுங்கால்தான். அது ஒரு செய்தியாகவே எங்களுக்குப் படவில்லை.

"உங்களுக்கு எப்படி...?" என்று இழுத்தேன்.

"அந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன்" என்றார். "எத்தனை பேரை அப்படி நிக்க வச்சேன்னு கணக்குக் கிடையாது. இந்தப் பக்கத்தைப் படிச்சப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. அதான் எடுத்துடச் சொன்னேன். அறுக்கணும்னு எனக்கும் நெனப்பு வந்தது. கை வரல. நீ சொன்னது பாதி நிஜம்னு தெரிஞ்சதாலதான் அன்னிக்கு எனக்கு அவ்வளவு வலிச்சது."

பென்சிலை வாங்கி அந்த ஒரு வார்த்தையை அவரே எழுதினார். வேலையை விடவேண்டாம் என்று ஒருதடவைகூட அவர் சொல்லவில்லை. "நாளைக்கு எப்பவும் போலத் திறந்து வை" என்றார். மறுநாள் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். எழுதிய தாள்களைப் புத்தகத்தில் தைத்தோம். செல்லம்மாளுக்கு முதலில் கொடுத்தோம். புத்தகத்தைத் திருப்பித்தர அவரே மறுபடி உள்ளே வந்தார். இந்தத் தடவை பக்கத்துவீட்டுப் பெண்கள் இருவர் கூடவே வந்தார்கள். பெரிய வாத்தியார் எழுந்து பெஞ்சை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். புத்தகத்தை யார் எடுத்துப்போனார் என்பதைத்தான் பதிவேடு சொல்லும். அதை வைத்து மனிதரை எடைபோடாதீர்கள். கைநாட்டு வைப்பவருக்குப் பக்கம் எதற்கு என்று நான் நினைத்தேனே, அந்த நினைப்புத்தான் பெரிய வாத்தியாரைப் பழித்ததைவிடப் பெரிய குற்றம். சேதமான புத்தகம் கைக்கு வந்தால் அன்றைக்கு வாயைத் திறக்காதீர்கள். தனியாகப் போய்க் கேளுங்கள். பலர் முன்னால் ஒருவரைத் தவறாகச் சொல்லிவிட்டால், அதே பலரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவைத்து, அவர்கள் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சாவி போனாலும் போகட்டும்.

குழந்தைவேலு உயிரோடு திரும்பினான். பட்டாளத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, பிற்பாடு நாமக்கல் பக்கம் லாரி ஓட்டினான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்கப்போவது அவன் திரும்பிய நாளைப் பற்றி அல்ல.

பக்கங்கள் போய் நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம், வாசகசாலை நிறைய ஆட்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நேரம், அர்த்தநாரி உள்ளே வந்தார். கையில் பட்டாளத்துத் தபால். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கடிதத்தைப் பிரித்து, எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தது. ஐந்தாறு வரிதான். புத்தகத்தில் அறுத்த தாள் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தான். கூடாரத்தில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினானாம். கூட இருப்பவர்களில் மூன்று பேர் அதைக் கையால் எழுதித் தங்கள் வீட்டுக்கு அனுப்பினார்களாம். நூல் கிடைக்கிறதா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அறுத்தவர் யார் என்று நான் பொத்திப் பொத்திக் காத்ததை அர்த்தநாரியே போட்டு உடைத்துவிட்டார். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"பதில் எழுதோணுங்க" என்றார். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுந்து கதவோரத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நான் தாளை எடுத்தேன்.

"எழுதுங்க, சாமி. குழந்தவேலு, சந்தையில நான் உன்ன அடிச்சது தப்பு."